எலும்பின் நுண்விரிசலைப் பார்ப்பது எப்படி? சாயமேற்றும் முறை, படிப்படியாக

காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் கல்லணைக் கால்வாய்க் கரையில் ஓடும் பிள்ளைகளில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி எடுக்கும். எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் முதலில் தெரிவது எலும்பின் மேலுறையிலோ மஜ்ஜையிலோ கோத்த நீர்தான். அதற்கும் முன்பே எலும்புக்குள் விழும் நுண்விரிசல்களை மருத்துவமனைப் படங்கள் காட்டுவதில்லை. குறுக்குவெட்டில் பார்த்தால் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஹரால்ட் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் இவற்றைச் சாயமேற்றிக் காட்டினார். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ படிக்கும் மாணவர்கள், வழிகாட்டும் ஆசிரியரோடு தங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதே முறையைச் செய்து பார்க்கலாம்.

படி 1: எலும்பு வாங்குதல்

கறிக்கடையில் முற்றிய ஆட்டின் தொடை எலும்பாகக் கேளுங்கள். இளங்குட்டியில் விரிசல் குறைவு. கத்தியால் வெட்டாமல் முழுசாக வாங்குங்கள். கத்தி பட்ட இடமெல்லாம் புது விரிசல். சதையை நீக்கி, உப்புக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். எலும்பு காய்ந்தாலே வெடிக்கும். எனவே கடைசிவரை ஈரம் போகக் கூடாது.

படி 2: முதலில் சாயம், பிறகுதான் அறுப்பு

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ரம்பத்தால் எலும்பை அறுத்தால் அந்த அறுப்பே விரிசல் உண்டாக்கும். அப்புறம் எது ஆட்டின் எலும்பில் இருந்தது, எது நாம் போட்டது என்று பிரிக்க முடியாது. அதனால் மெல்லிய சீவலாக்குவதற்கு முன்பே, கட்டையாக இருக்கும்போதே சாயம் ஏற்றுகிறோம். கோடையில் வெடித்த களிமண் வயலில் மடை திறந்தால், தண்ணீர் வெடிப்புகளில்தான் முதலில் இறங்கும். அதுபோலச் சாயமும் ஏற்கெனவே உள்ள விரிசல்களில் இறங்கி உட்காரும். பின்னால் ரம்பம் போடும் விரிசலில் சாயம் இருக்காது. சிவப்பாக இருந்தால் பழையது, வெறுமையாக இருந்தால் நாம் போட்டது.

சரி, செய்முறைக்கு வருவோம். எலும்பின் நடுத்தண்டிலிருந்து சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு எடுத்து, 70 சதவீத எத்தனாலில் ஊறவிடுங்கள். பிறகு 1 சதவீதம் பேசிக் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் கலந்த எத்தனாலில் 80, 90, 100 சதவீதம் என்று படிப்படியாக மாற்றுங்கள். காற்றை உறிஞ்சும் வெற்றிடக் கலத்தில் வைத்தால் சாயம் ஆழமாக இறங்கும். நாள்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். இந்தச் சாயம் உடலுக்குக் கேடானது, கையுறை கட்டாயம். எத்தனால் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

படி 3: சீவுதல், தேய்த்தல்

வைரத் தகடு பொருத்திய மெதுவேக ரம்பத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே சீவுங்கள். பிறகு நீரில் நனைத்த உப்புத்தாளில் ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமன் வரும்வரை தேய்த்து, கண்ணாடிச் சில்லில் பொருத்துங்கள்.

படி 4: நுண்ணோக்கியில் பார்த்தல்

தொடக்கக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் சாயம் இயல்பான ஓட்டைகளுக்குள்ளும் போகும். வட்டமாக, பெரிதாக, நடுவில் தெரிவது ரத்தக்குழாய் போகும் ஹேவர்சியன் கால்வாய். எள் போலச் சிதறிக் கிடப்பவை எலும்புச் செல்களின் குழிகள். அவற்றிலிருந்து கிளம்பும் மயிரிழைகள் நுண்கால்வாய்கள். விரிசல் என்பது கூரான விளிம்புள்ள கோடு, நுண்கால்வாயைவிடப் பெரிது, ஹேவர்சியன் கால்வாயைவிடச் சிறிது. சுற்றிலும் சாயம் கசிந்திருக்கும். குவியத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள்: கோடு ஆழத்திலும் தொடர்ந்தால் விரிசல், மேல்பரப்போடு நின்றால் கீறல். ஹேவர்சியன் கால்வாயைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்த எலும்புத் தூணுக்கு ஆஸ்டியான் என்று பெயர். ஆஸ்டியான்களுக்கு இடைப்பட்ட பழைய எலும்பில் தேடுங்கள், அங்கேதான் அதிகம் கிடைக்கும். ஒளிர்வு நுண்ணோக்கி இருந்தால் பச்சை ஒளி பாய்ச்சுங்கள். ஃபுக்சின் சிவப்பாக ஒளிரும், ஐயம் பாதி தீரும்.

மிக நுண்ணிய அளவில் எக்ஸ்ரே படமெடுக்கும் மைக்ரோ சி.டி. கருவி கிடைத்தாலும் விரிசல் நேரடியாகத் தெரியாது, அதன் அகலம் அவ்வளவு குறைவு. அதனால் எக்ஸ்ரேயில் பளிச்செனத் தெரியும் பேரியம் சல்பேட்டை விரிசலுக்குள் படியவைத்துப் படமெடுக்கிறார்கள். எலும்பை அறுக்காமலே முப்பரிமாணத்தில் பார்க்கலாம் என்பது அதன் பெரிய லாபம்.

படி 5: எண்ணுதல்

ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை விரிசல், சராசரி நீளம் எவ்வளவு என்று குறியுங்கள். எந்தச் சில்லு எந்த எலும்பிலிருந்து வந்தது என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. பெயரை மறைத்து வெறும் எண் மட்டும் ஒட்டித் தரும்படி நண்பரிடம் சொல்லுங்கள்.