மனாஸ் காவியத்துப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய ஆசியாவின் கிர்கிஸ் மக்கள் வாய்மொழியாகப் பாடிவரும் மனாஸ் காவியத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களின் கட்டுரைகள் திருத்தத்துக்காக என்னிடம் வருகின்றன. எங்கள் தலைமுறை எங்கெல்லாம் தடுக்கி விழுந்ததோ அங்கேயேதான் இவர்களும் விழுகிறார்கள். எழுத்துக்கூட்டல் போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

ஒலி ஒற்றுமையை வேராகக் கொள்வது

மனாஸ் என்றதும் நம் காதில் ‘மனசு’ என்று விழுகிறது. உடனே நாயகன் மனத்தை வென்றவன், காவியம் முழுவதும் ஓர் அகப்பயணம் என்று எழுதிவிடுகிறார்கள். அண்மையில் ஓர் இளைஞர் இதையே அடித்தளமாக்கி எழுதிய நீண்ட கட்டுரை, அச்சேறிய பிறகே என் பார்வைக்கு வந்தது. இப்போது வேறு சிலர் அதை ஆதாரமாகக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். பெயருக்கான விளக்கம் காவியத்துக்குள்ளேயே கிடக்க, அந்தப் பகுதியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே தேடுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

சகிம்பாய் ஓரோஸ்பாகோவ் (1867–1930) பாடிய வடிவத்தில், பிள்ளையில்லாமல் ஏங்கிய ஜாகிப்புக்கு முதுமையில் மகன் பிறக்கிறான். விருந்துக்குக் கூடியவர்களில் எவருக்கும் பொருத்தமான பெயர் அகப்படவில்லை. அப்போது வந்து சேரும் துறவி ஒருவர் அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: தொடக்கத்தில் நபியின் உருவாக மீம், நடுவில் இறைநேசரின் உருவாக நூன், இறுதியில் சிங்கத்தின் உருவாக சீன். சேர்த்துப் படித்தால் மனாஸ். இது மொழியியலார் ஏற்கும் வேர்ச்சொல் விளக்கம் அன்று. ஆனால் இஸ்லாமிய பக்தியும் புல்வெளி வீரமும் ஒரே பெயரில் கூடுவதைப் பாடகரே காட்டிவிடுகிறார். குறியீட்டைப் பற்றி எழுத வருபவருக்கு இதைவிட உறுதியான பிடி வேறில்லை.

பாடகரைச் சொல்லாமல் விடுவது

ஓரோஸ்பாகோவின் மனாஸும் சயக்பாய் கராலாயெவின் (1894–1971) மனாஸும் ஒரே நூல் அல்ல. கராலாயெவ் பாடிய முப்பெரும் பாகங்கள் மட்டுமே ஐந்து லட்சம் அடிகளைத் தாண்டுகின்றன. ‘காவியத்தில் இப்படி வருகிறது’ என்று மொட்டையாக எழுதினால் சரிபார்க்க வழியில்லை.

இழிபெயரை இழிவாகப் படிப்பது

குழந்தை மனாஸைச் ‘சோங் ஜிந்தி’, அதாவது பெரிய பைத்தியம், என்று அழைக்கிறார்கள். மனாஸ் என்ற பெயருள்ள பிள்ளையை எதிரிகள் தேடுவதால் இந்த இழிபெயர் அவனுக்கு மறைவிடமாகிறது. காவியத்தில் வரும் தலைவர் கோகோதாயின் வளர்ப்பு மகன் போக்முருனின் பெயருக்குச் சளிமூக்கன் என்று பொருள். தந்தைக்காக நடக்கும் மாபெரும் நினைவு விருந்தை முன்னின்று நடத்துபவன் அவன்தான். அவனைக் கோமாளி என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

குதிரையின் நிறத்தில் தத்துவம் தேடுவது

ஆக்-குலா, சராலா, தாய்புரூல் ஆகியவை முதலில் குதிரைகளின் நிறத்தைச் சொல்லும் பெயர்கள். எல்லாவற்றிலும் ஆழ்பொருள் காண வேண்டியதில்லை. ஆனால் ‘ஆக்’ என்றால் வெள்ளை; மனாஸின் துப்பாக்கி ஆக்-கெல்தே, மனைவி கனிகேய் செய்து தரும் போர்ச்சட்டை ஆக்-ஓல்போக் என்று வெண்மை அவனைச் சுற்றித் திரளும்போது, அதன் புனிதத்தைப் பற்றிப் பேசத் தாராளமாக இடமுண்டு.

அடைமொழியைப் பெயராக்குவது

ஐகோல், கோக்ஜல் என்பவை தனி வீரர்கள் அல்லர். இரண்டும் மனாஸின் அடைமொழிகள்.

ஒருத்தியை இருவராக்குவது

புகாரா இளவரசி சனிராபிய்கா, மனாஸை மணந்தபின் கனிகேய் ஆகிறாள்.