இரண்டு முறை பூக்கும் ஐரிஸும், ஒரு முறைகூடப் பூக்காத என் மொட்டைமாடியும்

பார்சலைப் பிரித்து கிழங்குகளைத் திண்ணையில் பரப்பியபோது பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, இஞ்சிக்கா அம்மாந் தொலைவுலேந்து பார்சல் வருது?" பார்க்க இஞ்சி மாதிரிதான் இருந்தன. ஆறு துண்டு. இணையத்தில் படம் பார்த்து மயங்கி வாங்கிய தாடி ஐரிஸ், அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை பூக்கும் ரகம். நாலைத் தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் நட்டேன். இரண்டை கோத்தகிரியில் இருக்கும் சித்திக்குக் கொடுத்தனுப்பினேன். சித்தி வீட்டில் இரண்டும் பூத்தன, ஒன்று ஐப்பசியில் மறுபடியும் பூத்தது. என் மாடியில் மூன்று அழுகிப் போயின. நாலாவது இலை மட்டும் விட்டு, ஒரு வருடம் விசிறி மாதிரி நின்றது. பூக்கவில்லை.

இப்போதும் யாராவது, "இந்த ஐரிஸ் நம்ம பக்கம் வருமா?" என்று கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் மார்கழி இரவில் மின்விசிறியை அணைப்பீர்களா?

அது ஏன் என்று சொல்ல, முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரிஸ் பூவில் மூன்று இதழ் மேலே நிமிர்ந்து குவிந்திருக்கும், மூன்று கீழே வளைந்து தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல ஒரு மயிர்க்கோடு. அதுதான் தாடி. ஒரு கிழங்குத் துண்டு தன் ஆயுளில் ஒரே முறைதான் பூக்கும். வாழை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தார் போட்ட மரத்தின் கதை முடிந்தது, பக்கத்தில் வரும் கன்றுதான் அடுத்த தார். ஐரிஸிலும் பூத்த கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் குட்டிக் கிழங்குகள்தான் அடுத்துப் பூக்கும். சாதாரண ரகத்தில் அந்தக் குட்டி அடுத்த வசந்தம் வரை காத்திருக்கும். மறுபடி பூக்கும் ரகத்தில் குட்டி சீக்கிரமே வளர்ந்து, அதே வருடம் இலையுதிர் காலத்தில் தண்டு விட்டுவிடும்.

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். 'மறுபடி பூக்கும்' என்பதைச் செடியோடு கூடப் பிறந்த குணம் என்று நினைத்தேன், நம்ம ஊர் செம்பருத்தி மாதிரி. அது ஊரும் செடியும் சேர்ந்து செய்யும் வேலை. குளிர்காலத்தில் பல வாரங்கள் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இந்தக் கிழங்குக்குள் பூமொட்டு உருவாகும். அந்தக் குளிர் கிடைத்து முதல் பூ வந்தால்தானே இரண்டாவது பூவைப் பற்றிப் பேச முடியும்? சென்னையில் தை மாதத்திலும் சராசரி இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் இரவுக் குளிர் இன்னும் குறைவு. எதிர்க் கோடியில் வெயில்: 2003 மே மாதக் கடைசியில் இந்த ஊரில் 45 டிகிரி பதிவானது. சிமென்ட் மாடியில் கறுப்புப் பைக்குள் இருக்கும் மண் அந்த வெயிலில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மழையும் எதிர்த் திசையில்தான் வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த ரகங்கள் இரண்டாம் முறை பூப்பது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். அப்போது அங்கே இரவு குளிர ஆரம்பிக்கும். நமக்கு அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை, வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டிவிடும். கிழங்கு காய வேண்டிய சமயத்தில் ஊறும்.

நான் வாங்கியதில் ஒன்று 'இம்மார்ட்டாலிட்டி', வெள்ளைப் பூ. லாய்ட் சர்பிரிக் என்ற இசைப் பேராசிரியர் உருவாக்கிய ரகம், 1982-இல் பதிவானது. மறுபூ ரகங்களில் இன்றும் பலர் முதலில் சொல்லும் பெயர். அமரத்துவம் என்று அர்த்தம். என் மாடியில் அது நாற்பது நாள் இருந்தது.

"வெப்பப் பகுதிக்கும் ஏற்றது" என்று விற்பவர்கள் எழுதும் வரியை நம்பித்தான் வாங்கினேன் என்று சிலர் சொல்வார்கள். நானும் சொன்னேன். அந்த வரி பெரும்பாலும் கலிபோர்னியா போன்ற இடத்தை மனதில் வைத்து எழுதியது. அங்கே கோடை வறட்சியாக இருக்கும், குளிர்கால இரவுகளில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும். அங்கே கொஞ்சம் குளிரிலேயே பூக்கும் ரகங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தக் 'கொஞ்சம்' கூட வியாசர்பாடியில் கிடையாது. வாங்கும்போது பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த ரகம் எந்த ஊரில் இரண்டாம் முறை பூத்ததாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த ஊரின் ஜனவரி இரவு வெப்பத்தைப் பாருங்கள்.

அடுத்தது ஃபிரிட்ஜ் யோசனை. டூலிப் கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்து நட்டால் பூக்கிறதே, இதையும் வைத்தால் என்ன? டூலிப் வெங்காயம் மாதிரி மூடிய கிழங்கு, கடைக்கு வரும்போதே குட்டிப் பூ உள்ளே உருவாகியிருக்கும், குளிர் அதை எழுப்பிவிடும். ஐரிஸ் கிழங்குக்குள் அப்படித் தயாராக எதுவும் இல்லை. அது இலையும் வேருமாக மண்ணில் நின்றபடி குளிரை உணர வேண்டிய செடி. கொத்தமல்லிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆறு வாரம் வைத்து எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது பூஞ்சணம். கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இந்தக் கிழங்கு இஞ்சி இல்லை. தின்றால் வாய் எரிந்து, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஆயா சொன்னது வேடிக்கைதான், ஆனால் எங்கள் வீட்டில் இஞ்சி வைக்கும் கூடைக்கு ஒரு முழம் தள்ளித்தான் அந்தப் பை இரண்டு நாள் கிடந்தது. சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிழங்கை அரிந்ததும் கையைக் கழுவுங்கள்.

வாங்குவதில் ஏமாறும் இடம் இன்னும் இரண்டு. ஐப்பசி வாக்கில் 'ஐரிஸ் பல்ப்' என்று சின்ன வெங்காயம் போலக் கிழங்குகள் விற்பனைக்கு வரும். அவை டச்சு ஐரிஸ். அதுவும் ஐரிஸ்தான், ஆனால் தாடி கிடையாது, மறுபூவும் கிடையாது. தாடி ஐரிஸ் கிழங்கு உருண்டையாக இருக்காது, தரையோடு படுத்து நீளும். உருண்டையாக ஒன்று வந்தால் வேறு செடியைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, விதைப் பொட்டலம். பெயர் பெற்ற ரகங்களைக் கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்குவார்கள். விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது, முதல் பூவுக்கே இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரே பூவில் வானவில்லின் ஏழு நிறமும் காட்டும் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஐரிஸ் என்பதே கிரேக்கத்தில் வானவில் தேவதையின் பெயர், அதற்காக ஏழு நிறத்தையும் ஒரே பூவில் வைக்கவில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் உங்களுக்கு வீடோ சொந்தமோ இருந்தால் இந்தக் கிழங்கை அங்கே அனுப்புங்கள். அனுப்பும்போது நடும் முறையையும் சொல்லி அனுப்புங்கள், ஏனென்றால் மஞ்சள், இஞ்சி நட்டுப் பழகிய கை இங்கே தப்பாமல் தப்பு செய்யும். இஞ்சியை மண்ணுக்குள் புதைப்போம். இதைப் புதைத்தால் அழுகும், பூவும் தவறும். மண்ணைச் சின்ன மேடாகக் குவித்து, கிழங்கை அதன்மேல் உட்கார வைத்து, வேர்களை இரண்டு பக்கமும் இறக்கி மூட வேண்டும். கிழங்கின் முதுகு வெயில் காய வேண்டும், குளத்தில் எருமை முதுகு தெரிவது போல. வெயில் கடுமையான இடமென்றால் ஒரு விரல்கடை மண் மேலே தூவலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். யூரியா போட்டால் இலை கொழுக்கும், கிழங்கு இளகும், அழுகல் சுலபமாக நுழையும். எலும்புத்தூள் கொஞ்சம் போதும். ஆனால் ஒரு விஷயம், மறுபூ ரகத்துக்கு முதல் பூ முடிந்ததும் சாப்பாடும் தண்ணீரும் அடியோடு நிறுத்திவிடக் கூடாது. குட்டி சீக்கிரம் வளர்ந்தால்தானே அதே வருடம் தண்டு விடும்? சித்தி வீட்டில் மறுபடி பூத்தது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நட்ட துண்டு. குழாயிலிருந்து சொட்டியது அதற்குப் போதுமானதாக இருந்தது, மேட்டில் இருந்ததால் தேங்கவும் இல்லை. மூன்று நாலு வருடத்தில் கூட்டம் நெருங்கிவிடும், அப்போது பிரித்து நட வேண்டும். பூத்துச் சுருங்கிய பழைய துண்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அழுகல் வந்ததை மூக்குதான் முதலில் சொல்லும். இலை அடியில் மஞ்சளாகும், இழுத்தால் கையோடு வரும், மீன் கழிவு நாற்றம் அடிக்கும். காசிமேட்டுக்காரர்களுக்கு அந்த வாசனை உறைக்காமல் போகலாம், அதனால் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தியும் பாருங்கள். கொழகொழப்பான பாகத்தைக் கரண்டியால் கெட்டித் தசை தெரியும்வரை சுரண்டி எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, புது மண்ணில் வைக்க வேண்டும். கரண்டியை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, வடசென்னையில் இருக்கிறவர்களுக்கு என்ன வழி? ஐரிஸ் இல்லையென்றால் வேறு பூவே இல்லையா?

இருக்கிறது, அதுவும் ஐரிஸ் குடும்பத்திலேயே. ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளிகளோடு பூக்கும் பெலம்கண்டா. வெகுகாலம் தனிப் பேரினமாக வைத்திருந்த இதை 2005-இல் ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்து ஐரிஸ் டொமெஸ்டிகா என்று பெயர் மாற்றினார்கள். ஆகவே ஊருக்குப் பொருந்தாத ஐரிஸை வைத்து அழுவதற்குப் பதில், வெயில் தாங்கும் ஐரிஸை வைத்துக்கொண்டு 'எங்கள் மாடியில் ஐரிஸ் பூக்கிறது' என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான். மாலையில் துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும், மறுநாள் அடுத்த மொட்டு விரியும். விதையில் நன்றாக வரும். காய் வெடித்தால் உள்ளே கறுப்பு மணிகள் பழக்கொத்து போல நிற்கும்.

இன்னொன்று நடக்கும் ஐரிஸ், நியோமரிகா. பூத்த தண்டின் நுனியில் குட்டிச் செடி முளைத்து, பாரத்தில் தண்டு சாய்ந்து, மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். அப்படி ஒவ்வோர் அடியாகத் தொட்டியை விட்டு வெளியே நடந்துவிடும். இதை முழு வெயிலில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலை இதற்குச் சரி. அதே குடும்பத்தில் இன்னொரு செடி டயட்டிஸ், அதை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிடுகிறார்கள். தாடி ஐரிஸில் வெட்டுவது சரி, டயட்டிஸில் அதே தண்டுதான் சில வாரம் கழித்து மறுபடி மொட்டு விடும். காய்ந்து பழுப்பாகும் வரை தொடாதீர்கள்.

பூவுக்கு மேல் பூ வேண்டுமென்றால் மழை லில்லியை மிஞ்ச எதுவும் இல்லை. ஐரிஸ் குடும்பம் அல்ல, ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை என்ன, ஐந்தாறு முறை பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் இதைப் பூக்கவிடாமல் செய்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் காயப்போட்டு, பிறகு ஒரு நாள் நிறைய ஊற்றுங்கள். நாலைந்து நாளில் தொட்டி முழுக்க ரோஜா நிறம்.

எந்தச் செடியானாலும் இந்தப் பக்கத்தில் தண்ணீர் ஒரு பிரச்சினை. பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. நுனி கருகிய இலையைப் பார்த்து உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போடுவது, உப்பின்மேல் உப்பு. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் ஒதுக்கி, தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றிக் கழுவுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து, மூடி வையுங்கள். மூடாவிட்டால் கொசு.

அந்த நாலாவது ஐரிஸ், விசிறி மாதிரி நின்றதே, அதையும் போன புரட்டாசியில் தோண்டி எடுத்து கோத்தகிரிக்கு அனுப்பிவிட்டேன். அதன் தொட்டியில் இப்போது பெலம்கண்டா விதை போட்டிருக்கிறேன். ஆயா அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மொளகா?" என்றார். கறுப்பாக, உருண்டையாக, மிளகு மாதிரியேதான் இருக்கிறது.