விருதுக்கு அனுப்பும் முன் நான் பார்ப்பவை

எங்கள் அலுவலகத்தில் யார் எந்த விருதுக்கு அனுப்பினாலும் கோப்பு கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். நான் ஒரு விருதும் வாங்கியதில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாக அடுத்தவர்களுக்காகப் படிவம் நிரப்புகிறேன். இரண்டு முறை முதல் சுற்று நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், யார் அனுப்பலாம் என்று பாருங்கள். நோபலுக்கு உங்களை நீங்களே பரிந்துரைக்க முடியாது. அதற்குத் தகுதியுள்ளவர்கள் ஜனவரி 31-க்குள் பரிந்துரைக்க வேண்டும். யார் யாரைச் சொன்னார்கள் என்பது 50 வருஷத்துக்கு வெளியே வராது. ஆங்கில நாவலுக்கான புக்கருக்குப் பதிப்பகம்தான் அனுப்பும், அதிலும் ஒரு பதிப்பகம் எத்தனை நூல் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கிறது. எனவே உங்கள் நூல் அந்தப் பட்டியலில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவின் பத்திரிகை, இலக்கிய விருதான புலிட்சருக்கு எழுதியவரே கட்டணம் கட்டி அனுப்பலாம்.

அடுத்தது தேதி. இதில் நான் பட்டிருக்கிறேன். மூன்று பாகமாக வந்த ஒரு புலனாய்வுத் தொடரில் கடைசிப் பாகம் ஜனவரி முதல் வாரத்தில் அச்சானது. விருதோ முந்தைய வருஷத்துக்கானது. நான் கவனிக்காமல் மூன்றையும் சேர்த்து அனுப்ப, மொத்த விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது. அந்த நிருபர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் வெளியான தேதியைப் பென்சிலால் எழுதிய பிறகுதான் மற்ற வேலை. வயது வரம்பும் இப்படித்தான். கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் 40 வயதைத் தாண்டாதவர்களுக்கு. வெகுகாலம் தீராத கணிதப் புதிரான ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்து முடித்தபோது ஆண்ட்ரூ வைல்ஸுக்கு 41. 1998-ல் ஒரு வெள்ளிப் பட்டயம் கொடுத்தார்கள், பதக்கம் கிடைக்கவில்லை.

சரி, கவரிங் லெட்டர். பாதி விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன. நடுவராக இருந்தபோது என் முன்னால் ஒரு பெரிய கட்டு இருந்தது. 'பாரம்பரியம் மிக்க எங்கள் இதழ்' என்று தொடங்கிய கடிதங்களில் முதல் பத்தியைத் தாண்டவே அலுப்பாக இருக்கும். இதழின் பெருமை நடுவருக்கு வேண்டாம். மூன்று விஷயம் போதும்: இந்தக் கட்டுரை வருமுன் யாருக்கும் தெரியாதது எது, அதை எப்படித் தோண்டி எடுத்தீர்கள், வந்தபின் என்ன நடந்தது. 'பெரும் அதிர்வலையை ஏற்படுத்தியது' என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. 'செய்தி வந்த ஒன்பதாம் நாள் அந்த ஒப்பந்தம் ரத்தானது, ஆணையின் நகல் இணைப்பில்' என்றால் உடனே இணைப்பைப் புரட்டுவேன். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம்.

திருத்தமோ மறுப்போ வந்திருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். புலிட்சர் விதிகள் இதைக் கேட்டே வாங்குகின்றன. 1980-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் வந்த, போதைக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றிய கட்டுரைக்கு 1981-ல் புலிட்சர் கிடைத்தது. அப்படியொரு சிறுவனே இல்லை என்று தெரிந்ததும் பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விருது வந்தபின் எல்லாரும் துருவித் துருவிப் படிப்பார்கள்.

கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதியவரை நம்பாதீர்கள். எது எழுத அதிகம் கஷ்டப்பட்டாரோ அதைத்தான் நீட்டுவார். முன்பே படிக்காத ஒருவரிடம் கொடுத்து, எதைப் படித்து முடிக்காமல் பாதியில் கீழே வைத்தார் என்று பாருங்கள்.

ஆய்வு விருதுகளில் பரிந்துரைக் கடிதம்தான் எல்லாம். குறைந்தது ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள்: என்ன கண்டுபிடித்தீர்கள், அதன்பின் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள், கூட்டுக் கட்டுரையில் உங்கள் பங்கு எது. குறிப்பு இல்லையென்றால் 'கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர்' என்று வரும். அது நன்னடத்தைச் சான்றிதழுக்கு ஆகும். குழுவில் வேறு துறைக்காரர்களும் இருப்பார்கள், அதனால் முதல் பத்தி அவர்களுக்கும் புரியட்டும்.

கதை, கவிதைக்கு நான் சொல்ல அதிகமில்லை. நூல் பேச வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மட்டும், பரிசுப் பணம் யாருக்கு எவ்வளவு என்று முன்பே பார்த்துவிடுங்கள். சர்வதேச புக்கரில் ஆசிரியருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி.

நீங்கள் விண்ணப்பிக்காத விருதுக்கு 'தேர்வாகிவிட்டீர்கள், கேடயத்துக்குப் பணம் கட்டுங்கள்' என்று மின்னஞ்சல் வரும். நுழைவுக் கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி இல்லை. ஆனால் ஜெயித்தபின் பணம் கேட்டால் அது வியாபாரம். நடுவர்கள் பெயரும் பழைய வெற்றியாளர்கள் பட்டியலும் கண்ணில் படவில்லை என்றால் அழித்துவிடுங்கள்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் எல்லாக் கோப்பையும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். சந்தா கட்டினால்தான் திறக்கும் இணைப்புகளை அனுப்பியிருந்தார் ஒருவர். நல்ல கட்டுரையாகக்கூட இருந்திருக்கலாம். தலைப்பும் முதல் மூன்று வரியும்தான் எனக்குத் தெரிந்தன.