தூண்டில் தடிக்கு ஒரு துண்டு எஸ்லோன் பைப்

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையிலோ முகத்துவாரப் பக்கமோ தூண்டில் போடுகிறவர்கள் தடியை மணலில் கிடத்துவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நூல் சுற்றும் றீலுக்குள் மணல் போனால் அதன் பல்லுச் சக்கரங்கள் தேய்ந்துவிடும், திருத்தச் செலவு வேறு. கடையில் விற்கும் தாங்கியும் தேவையில்லை. வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சிய எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டு ஒன்று போதும்.

மூன்றரை அடி நீளம் எடுங்கள். தடியின் அடிப்பக்கம் லேசாக உள்ளே போய்வர வேண்டும். பெரும்பாலான தடிகளுக்கு ஒன்றரை அங்குல பைப் சரி. கடைக்குப் போகும்போது தடியையும் கொண்டுபோனால் சந்தேகமே வராது. ஒரு முனையை வாளால் சரிவாக அறுத்துக் கூராக்குங்கள், அதுதான் மணலில் இறங்கும் பக்கம்.

முக்கியமான வேலை இனித்தான். மேல்வாயிலிருந்து ஓரடி கீழே குறுக்காகத் துளைத்து ஒரு போல்ட் பூட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் தடி அடிவரை இறங்கி ஈரமணலில் இறுகிவிடும், மீன் இழுக்கும்போது உருவ முடியாது. துருப்பிடிக்காத போல்ட்டாகப் பாருங்கள். உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது. வெட்டிய விளிம்புகளை மணற்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஊன்றும்போது சுத்தியலால் நேராக அடித்தால் பைப் வெடிக்கும். மேலே பலகைத் துண்டு வைத்துத் தட்டலாம், அல்லது திருகித் திருகி அமுக்கலாம். ஓரடிக்குக் குறையாமல் இறக்கி, கொஞ்சம் கரைப்பக்கம் சாய்த்து வையுங்கள். அப்புறம் மீன் இழுத்தால் நூல் ஓடும்படி றீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே விட்டால் பெரிய மீன் தடியோடு போய்விடும்.