எவர்சில்வர் தகடு: மில்லுக்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

பாத்திரப் பட்டறை ஒன்றிலிருந்து ஒருமுறை எங்களுக்குத் தகடு திரும்பி வந்தது. குரோமியமும் நிக்கலும் சேர்ந்த 304 கிரேடு, 0.8 மில்லிமீட்டர் கனம். கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. ட்யூப்லைட் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கடுகளவு ஒரு பள்ளம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். "கடைசி பாஸ்ல ரோல் அடிபட்டிருக்கு" என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பாஸ் என்பது ரோல்களுக்கு நடுவே தகடு ஒருமுறை ஓடி மெலிவது.

ஃபோர்மேன் மட்டும் பேசாமல் டேப்பை எடுத்து இரண்டு பள்ளத்துக்கு நடுவே அளந்தார். 235 மில்லிமீட்டர். கடைசி பாஸில் ஓடிய ரோலின் விட்டம் 60, அதாவது சுற்றளவு 188. ஒத்துவரவில்லை. அதற்கு முந்தைய பாஸில் ஓடிய ரோலும் அதே விட்டம்தான், அங்கே தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர். அதை 0.8 ஆக இறக்கும்போது நீளம் ஒன்றேகால் மடங்காகிறது. 188-ஐ ஒன்றேகாலால் பெருக்கிப் பாருங்கள், 235 வரும். குற்றவாளி அதற்கு முன்னால் கழற்றிய ரோல். ரேக்கில் போய்ப் பார்த்தால், அதன்மேல் ஒரு உலோகத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், ஒவ்வொரு பாஸிலும் எந்த விட்டமுள்ள ரோல் ஓடியது என்று ஷிஃப்ட் நோட்டில் எழுதியிருந்ததுதான். ரோலை ஒவ்வொரு முறை கிரைண்ட் செய்யும்போதும் விட்டம் குறையும். "எல்லாம் அறுபதுதானே" என்று எழுதாமல் விட்டால் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை.

தகட்டைச் சூடாக்காமல் உருட்டி மெலிக்கும் கோல்டு ரோலிங் பற்றிப் பலருக்கும் இருக்கும் பெரிய தப்பெண்ணம், உருட்ட உருட்டக் குறை மறைந்துவிடும் என்பது. 3 மில்லிமீட்டர் காயிலில் (தகட்டுச் சுருளில்) உருட்டும் திசையில் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள கீறல், தகடு அரை மில்லிமீட்டர் ஆகும்போது 6 சென்டிமீட்டராக நீண்டு நிற்கும். ஆழம் குறையும், உண்மைதான். ஆனால் பளபளப்பான பரப்பில் கண்ணுக்கு அது முன்பைவிட நன்றாகவே தெரியும். ஆகவே தவறைத் தேடும்போது பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். சேலம் உருக்காலையும் பின்னோக்கி வளர்ந்த ஆலைதான். 1981-ல் கோல்டு ரோலிங்கில் தொடங்கியது, ஹாட் ரோலிங் 1995-ல் வந்தது, உருக்கும் பகுதி 2010-ல்தான் வந்தது.

அப்படிப் பின்னால் போனால் முதலில் நிற்க வேண்டிய இடம் பிக்கிளிங், அதாவது தகட்டை ஆசிட்டில் ஓட்டிச் சுத்தம் செய்வது. ஹாட் ரோலிங் முடிந்து வரும் கறுப்புக் காயிலை அனீல் செய்து (உலையில் சூடாக்கி இளக்கி), சிறு உலோகக் குண்டுகளை வீசியடித்து ஸ்கேலை (மேலே படிந்த ஆக்சைடுப் படலத்தை) உடைத்து, பிறகு நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கலவையில் ஓட்டுவார்கள். இங்கே இரண்டு பக்கமும் தவறலாம். குறைவாகப் பிக்கிள் செய்தால் மிச்சமிருக்கும் ஸ்கேல் மில்லில் அழுந்திக் கறுப்புக் கோடாகிவிடும். இது உடனே தெரிந்துவிடுவதால் திருத்திவிடலாம். அதிகமாகப் பிக்கிள் செய்வதுதான் வில்லங்கம். ஆசிட் படிகத் துகள்களின் எல்லைகளைத் தின்று நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கும். மில்லில் அவற்றின் வாய் மூடிக்கொள்ளும், உள்ளே ரோலிங் எண்ணெய் சிக்கிக்கொள்ளும். கடைசியில் தகடு என்ன செய்தாலும் மங்கலாகவே இருக்கும். அப்போது எல்லோரும் ரோல் கிரைண்டரைத்தான் திட்டுவார்கள். லைன் நின்றுபோனால் ஆசிட் தொட்டியில் மாட்டிக்கொண்ட அந்தச் சில மீட்டரை வெட்டி எறியாமல் மில்லுக்கு அனுப்புவது இந்தத் தவறின் மிகச் சாதாரணமான வடிவம்.

கழிவு ஆசிட்டை அப்படியே வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோத்பூரின் ஜோஜரி ஆற்றைப் பார்த்தால் போதும். துணிச்சாயக் கழிவோடு ஸ்டீல் ரீ-ரோலிங் பட்டறைகளின் ஆசிட் கழிவும் சேர்ந்து கெடுத்த ஆறு அது.

சரி, இனி மில். எவர்சில்வருக்குப் பெரும்பாலும் இசட் மில் என்று நாங்கள் சொல்லும் செண்ட்சிமிர் மில்தான். போலந்துப் பொறியாளர் ததேயுஷ் செண்ட்சிமிர் வடிவமைத்தது. அதில் மொத்தம் 20 ரோல். தகட்டைத் தொடுபவை நடுவில் இருக்கும் இரண்டு ஒல்லி ரோல்கள் மட்டும்தான், மற்ற பதினெட்டும் அவை வளையாமல் தாங்கிப் பிடிப்பவை. ரோல் ஒல்லியாக இருந்தால்தான் இவ்வளவு கடினமான உலோகம் குறைந்த விசையில் மெலியும்.

304 உருட்ட உருட்ட இறுகும். இறுகுவது மட்டுமல்ல, அதன் உள்ளமைப்பில் ஒரு பகுதி மார்டென்சைட் என்ற கடினமான, காந்தம் இழுக்கும் அமைப்பாகவே மாறிவிடும். தகடு குளிர்ந்திருந்தால் இந்த மாற்றம் வேகமாக நடக்கும், சூடாக இருந்தால் குறையும். மார்கழிக் காலையில் ஷெட்டில் கிடந்த காயிலை முதல் பாஸ்களில் மெதுவாக ஓட்டினால் அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறுகும். அப்போதுதான் அந்த ஆசை வரும்: "இன்னும் ஒரு பாஸ் தாங்கும், நடுவில் ஒரு அனீலிங் மிச்சம்." தாங்கும் சில நாள். தாங்காத நாளில் ஓரம் வெடித்து, தகடு அறுந்து, துண்டு ரோல்களுக்குள் சுருண்டுகொள்ளும். மிச்சம் பிடித்த அனீலிங் செலவு, பழுதான ரோல்களுக்கே பற்றாது.

கனத்தை அளக்கும் எக்ஸ்ரே கேஜில் கிரேடு மாற்ற மறப்பது இன்னொன்று. கதிர் ஊடுருவுவது உலோகக் கலவையைப் பொறுத்தது. நிக்கல் சேர்க்காத 430 கிரேடுக்கு வைத்த செட்டிங்கில் 304 ஓடினால் திரை காட்டும் கனம் தவறாகவே இருக்கும். காயிலின் தலைப்பை மைக்ரோமீட்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

மில்லில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். இசட் மில்லில் ரோலிங் எண்ணெய் பெரும்பாலும் கனிம எண்ணெய், ஆகவே தீப்பிடிக்கும். தீயை அணைக்க கார்பன் டை ஆக்சைடு பாய்ச்சும் அமைப்பு இருக்கும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழே எண்ணெய்த் தொட்டி இருக்கும் நிலவறையில் போய்த் தேங்கும். தீ அணைந்துவிட்டதே என்று உடனே கீழே இறங்குபவர் திரும்பி ஏறாமல் போகலாம். காற்றை வெளியேற்றி, ஆக்சிஜன் மீட்டரால் அளந்து பார்க்காமல் எவ்வளவு அனுபவசாலியும் இறங்கக் கூடாது.

அனீலிங் உலைக்குப் போகுமுன் எண்ணெயை முழுசாகக் கழுவ வேண்டும். மிச்சமிருந்தால் அது உலையில் கருகிக் கறையாகும். வெப்பநிலை விஷயத்தில் 304-ம் 430-ம் வேறு வேறு ஜாதி. முன்னதற்கு ஏறக்குறைய 1040 முதல் 1100 டிகிரி செல்சியஸ் வேண்டும், பின்னதற்கு 800 முதல் 850 போதும். 430-ஐ அதற்கு மேல் கொண்டுபோனால் அதன் ஒரு பகுதி ஆஸ்டெனைட் என்ற வேறு உள்ளமைப்பாகி, குளிரும்போது மார்டென்சைட்டாக இறுகிவிடும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து ஒரே லைனில் பற்றவைத்து ஓட்டினால், இணைப்பின் ஏதோ ஒரு பக்கம் கெட்டே தீரும். உலை புதிய சூட்டுக்கு வரும்வரை நடுவில் ஒரு டம்மி காயில் ஓட்டுவது வீண்செலவு இல்லை.

304-ஐ அதிக நேரம் சூட்டில் வைத்தால் படிகத் துகள்கள் பெரிதாகிவிடும். பாத்திரக்காரர் அதை அச்சில் அழுத்தும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். 850-லிருந்து 450 டிகிரிக்குள் மெதுவாக ஆறவிட்டால் வேறு கேடு. துகள் எல்லைகளில் குரோமியமும் கார்பனும் சேர்ந்துகொள்ள, அக்கம்பக்கத்தில் குரோமியம் குறைந்து பின்னாளில் அங்கிருந்தே அரிக்கும். பளபளப்பு போகாமல் அனீல் செய்யும் பிரைட் அனீலிங் என்றால் ஹைட்ரஜன் சூழலில் ஈரப்பதமே கூடாது. பனிநிலை (வாயுவில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். உலையின் சீலில் சிறு கசிவு இருந்தாலும் கண்ணாடிபோல வர வேண்டிய தகடு லேசான பொன்னிறமோ நீலமோ பூசிக்கொண்டு வெளியே வரும். ஹைட்ரஜனை விடுமுன் நைட்ரஜனால் காற்றை விரட்டாமல் அவசரப்படுவது நிறம் மாறுவதோடு போகாது, உலையே வெடிக்கும்.

எல்லாம் நன்றாக முடிந்த காயிலையும் கெடுக்கலாம். சாதா இரும்பு தூக்கிய அதே சங்கிலி, அதே வெட்டுமேசை, அதே இரும்புப் பட்டையில் பேக்கிங். ஒட்டிய இரும்புத் தூள் மழைக்காலத்தில் செம்புள்ளியாகும். வாங்கியவர் "எவர்சில்வரே துருப்பிடிக்குது" என்று போன் போடுவார். துருப்பிடித்தது ஒட்டிய இரும்புதான், ஆனால் போனில் அதைப் புரியவைக்க முடியாது. சுருளுக்கு நடுவே வைக்கும் காகிதத்தை மிச்சம் பிடிப்பதும் இந்த வகைதான். லாரி குலுங்கும்போது ஒரு சுற்று மறு சுற்றை உரசும்.

கிரேடு கலந்துபோவதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை கடைத்தெரு முதல் குடோன் வரை இருக்கிறது. உருட்டி இறுகிய அசல் 304 தகட்டிலும் காந்தம் லேசாக இழுக்கும், எல்லாம் அந்த மார்டென்சைட்டின் வேலை. நிக்கல் குறைந்த, மாங்கனீசு கூடிய 200 வரிசைத் தகட்டில் காந்தம் ஒட்டாமலும் போகும். நல்லதை ஒதுக்கி மலிவானதை வாங்கிப் போன வாடிக்கையாளரை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் குடோனில் அதற்கப்புறம் சாக்பீஸ் எழுத்தை நம்புவதை நிறுத்தினோம். ஸ்பெக்ட்ரோமீட்டர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்து, அப்புறம்தான் லேபிள் ஒட்டுகிறோம்.