'உங்களைத்தான் முதலில் போடுகிறேன்': ரெசிடென்சி மேட்ச்சுக்கு முன் எழுதும் கடிதம்

ரெசிடென்சி என்பது மருத்துவப் பட்டம் முடித்தவர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் பெறும் மேற்பயிற்சி. இன்டர்வியூக்கள் முடிந்ததும் விண்ணப்பதாரர்களும் ப்ரோக்ராம்களும் (அந்தப் பயிற்சியைத் தரும் இடங்கள்) தங்கள் விருப்ப வரிசையை ரேங்க் லிஸ்டாகக் கொடுப்பார்கள். இரண்டையும் கணினியில் பொருத்தி இடம் ஒதுக்குவதுதான் மேட்ச். அந்த லிஸ்ட் போடும் சமயத்தில், "உங்கள் ப்ரோக்ராம்தான் என் முதல் இடம்" என்று தெரிவிக்கும் மின்னஞ்சலை லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்பார்கள். இது ஒரே ஒரு ப்ரோக்ராமுக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களுக்கு "மிகவும் பிடித்திருந்தது" என்ற அளவில் எழுதலாம். அதில் முதல் இடம் என்ற பேச்சே வரக்கூடாது. இரண்டு ப்ரோக்ராமுக்கு 'நம்பர் ஒன்' என்று எழுதுவது இரண்டு வீட்டில் தாம்பூலம் மாற்றுவதுதான். ஒரே துறையின் ப்ரோக்ராம் டைரக்டர்கள் மாநாடுகளில் சந்தித்துக்கொள்பவர்கள், பேசிக்கொள்பவர்கள்.

எழுத உட்காரும் முன் அந்த ப்ரோக்ராமின் இணையதளத்தையும் இன்டர்வியூவுக்குப் பிறகு வந்த மின்னஞ்சலையும் இன்னொரு முறை படியுங்கள். இன்டர்வியூவுக்குப் பின் தொடர்பு வேண்டாம் என்று பல இடங்களில் தெளிவாகவே சொல்லியிருப்பார்கள். அப்படி இருந்தால் எழுதாதீர்கள், எழுதாததால் நஷ்டமில்லை. எழுதினால்தான் சொன்னதைக் கேட்காதவர் என்ற பெயர் வரும்.

விண்ணப்பதாரர்களும் ப்ரோக்ராம்களும் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் ஒன்றே. பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். ஆனால் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் ப்ரோக்ராமின் ரேங்கிங் கூட்டம் பெரும்பாலும் அதற்குச் சில வாரம் முன்பே நடந்துவிடும். அதனால் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரத்துக்குள் அனுப்புவது நல்லது. உங்கள் கடைசி இன்டர்வியூ முடியும்வரை பொறுங்கள். டிசம்பரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு ஜனவரியில் மனம் மாறினால் சங்கடம் உங்களுக்குத்தான்.

மின்னஞ்சல் ப்ரோக்ராம் டைரக்டர் பெயருக்குப் போகட்டும், அலுவலக வேலைகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டருக்கும் ஒரு நகல் வையுங்கள். உங்கள் ஃபைலில் அதைச் சேர்த்து வைப்பவர் பெரும்பாலும் அவர்தான். தலைப்பு வரியில் பெயர், ஏ.ஏ.எம்.சி. எண் (விண்ணப்பதாரரின் அடையாள எண்), துறை மூன்றும் இருக்கட்டும். ஒரே மருத்துவமனையில் கேட்டகாரிக்கல் (முழுப் பயிற்சி), ப்ரிலிமினரி (தொடக்கப் பயிற்சி மட்டும்) என இரண்டு வழிகளுக்கும் விண்ணப்பித்திருந்தால் எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். மேட்ச்சில் இரண்டுக்கும் தனித்தனி குறியீடு.

உள்ளே 200 முதல் 300 சொற்கள் போதும். விஷயத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐ வில் பி ரேங்கிங் யுவர் ப்ரோக்ராம் ஃபர்ஸ்ட்." இந்த வாக்கியத்தைப் பூசி மெழுகினால் கடிதம் வீண். 'ரேங்க் ஹைலி' என்று எழுதினால் இரண்டாம் இடமோ நான்காம் இடமோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, ஏன் இந்த இடம் என்பதற்கு இரண்டு காரணங்கள். "சிறந்த பயிற்சி, நட்பான சூழல்" என்பதை எந்த ஊருக்கும் எழுதலாம், அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. இன்டர்வியூ அன்று ரெசிடென்ட் ஒருவர் இலவச கிளினிக் பற்றிச் சொன்னது, உங்களுக்குத் தோதான ஆராய்ச்சிப் பிரிவு, அதே நகரில் இருக்கும் உங்கள் அக்கா குடும்பம் என்று குறிப்பாக எழுதுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு அந்த ஊரோடு ஒட்டு உறவு பெரும்பாலும் விண்ணப்பத்தில் தெரியாது, அதனால் கடைசிக் காரணத்துக்குக் கனம் அதிகம். இன்டர்வியூவுக்குப் பிறகு ஸ்டெப் 3 (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டம்) தேறியிருந்தாலோ கட்டுரை ஏற்கப்பட்டிருந்தாலோ ஒரு வரி சேருங்கள். எச்-1பி வேலை விசாவுக்கு ஸ்டெப் 3 தேவை என்பதால், அந்த விசா தரும் ப்ரோக்ராமுக்கு அது உண்மையிலேயே உதவும் செய்தி.

"என்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். உறுதிமொழி கேட்பதை மேட்ச் விதிகள் இரு தரப்புக்கும் தடுக்கின்றன. நீங்களாக முன்வந்து சொல்வதற்குத் தடையில்லை. பழைய கடிதத்தை எடுத்துத் திருத்தும்போது வேறு மருத்துவமனையின் பெயர் எங்காவது தங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. அனுப்பும் முன் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

பதில் வராமல் போகலாம். நினைவூட்டல் அனுப்ப வேண்டாம். "யூ வில் பி ரேங்க்ட் டு மேட்ச்" (இடம் கிடைக்கும் அளவுக்கு மேலே வைத்திருக்கிறோம்) என்று தேனாக ஒரு பதில் வந்தாலும், அதை நம்பிப் பட்டியலைச் சுருக்கவோ வரிசையை மாற்றவோ கூடாது. அந்தப் பதில் யாரையும் கட்டுப்படுத்தாது, கட்டுப்படுத்துவது பட்டியல் மட்டும்தான். பொருளாதார நிபுணர் ஆல்வின் ராத் 1990களில் மறுவடிவமைத்த மேட்ச் கணக்குமுறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. கிடைக்காது என்று தோன்றும் இடத்தை முதலில் போட்டாலும், அடுத்த இடத்தில் உங்கள் வாய்ப்பு குறையாது.

கடிதத்தில் சொன்ன ப்ரோக்ராம் பட்டியலிலும் முதலில் இருக்கிறதா என்று குறியீட்டு எண்ணை வைத்துச் சரிபார்த்து, 'செர்டிஃபை' பொத்தானை அழுத்துங்கள். பிறகு திருத்தினால் மறுபடி செர்டிஃபை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் கணக்கில் வராது. கடைசி நாளின் கெடு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 மணி, அதாவது இந்தியாவில் மறுநாள் காலை 7.30.