நாலு ரோட்டிலேயே இறங்கிடுங்க

நடக்க நேரமே இல்லை என்பவர்களுக்கு, எனக்குக் கைகொடுத்த வழி இது. தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரை போகாமல் நாலு ரோட்டிலேயே இறங்கிவிடுகிறேன். மீதி நடைதான். சும்மா உலாத்தினால் போதாது. பேச முடியணும், பாட்டுப் பாட மூச்சு பத்தக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும்.

ராத்திரி களி சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் உட்காராதீங்க. தெருவில் பத்து நிமிடம் நடந்தால், உழைக்கிற தசை ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நான் ரொம்ப நம்புவது இதைத்தான். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே நடக்க முடியாது. உலை கொதிக்கும் வரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாங்க. பிறகு நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவாங்க. முதலில் 3 தடவை, இப்போது 10.